அம்மாவுக்குச் சோடியம் குறைந்த வாரம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அம்மா என்னை அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டாள் என்பதும் அவளுக்கு நினைவில் இல்லை. நடந்தால் தள்ளாடினாள். வயது 74. பக்கவாதமோ என்று பயந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. டூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சோடியம் ரொம்ப இறங்கியிருக்கும்மா" என்றார்.

தாளில் நான்கு வரிகள், எல்லாம் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற கணக்கில். மில்லிமோல் என்பது எடையல்ல, துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அளவு. சோடியம் 118. பொட்டாசியம் 3.6. குளோரைடு 84. பைகார்பனேட் 24.

நான் 19 வருடமாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். சோடியம் ஒரு பிளஸ், பொட்டாசியம் ஒரு பிளஸ், குளோரைடு ஒரு மைனஸ், பைகார்பனேட் ஒரு மைனஸ் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். அந்த நான்கு பேரையும் கை நடுங்கப் படித்தது அன்றைக்குத்தான். சோடியம் 135க்கும் 145க்கும் நடுவில் இருக்க வேண்டும். 118 என்றால் வலிப்புகூட வரலாம் என்றார் டாக்டர்.

அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் 30 வருடம் வேலை பார்த்தவள். கொஞ்சம் தெளிவு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "முப்பது வருசம் உப்புலயே நின்னவளுக்கு உப்பு கொறஞ்சு போச்சுன்னு சொல்லுதாரே, என்னளா இது?"

காரணம் அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை. அதில் சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அந்த வகை மருந்தால் வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சோடியம் இறங்குவது உண்டாம். இதோடு, "தண்ணி நெறைய குடிங்க" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளைக் குடிக்கவைத்திருந்தோம். அந்தத் தண்ணீரும் ரத்தத்தில் இருந்த சோடியத்தை நீர்க்கவைத்தது. சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவே கூடாது என்று டாக்டர் நிறுத்தினார். 3 சதவீத உப்புக்கரைசலை மெதுவாக ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு 8 அளவில்தான் ஏறவிடுவோம், வேகமாக ஏறினால் மூளை நரம்புகளின் உறை கெட்டுவிடும் என்று விளக்கினார்கள். ஒரே ஒரு பிளஸ் சுமக்கிற ஒரு சின்ன அயனி, அதாவது மின்சுமை கொண்ட துகள். அதை ஏற்றுவதற்கும் இப்படி ஒரு நிதானம் வேண்டியிருக்கிறது.

அன்று இரவு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை. பழக்க தோஷத்தில் கூட்ட ஆரம்பித்தேன். பிளஸ் பக்கம் சோடியம் மட்டுமே 118. மைனஸ் பக்கம் 84 உடன் 24, ஆக 108. பத்து குறைகிறது. லேபில் ஏதோ தப்பு செய்துவிட்டார்கள் என்று முதலில் தோன்றியது. ஏனென்றால் ஒரு சொட்டுத் தண்ணீரானாலும் ரத்தமானாலும் பிளஸ்ஸும் மைனஸும் சமமாக இருந்தாக வேண்டும். ரத்தம் எங்கேயும் மின்சுமையோடு ஓடுவதில்லை.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இடைவெளிக்கு அவர்கள் ஆனயான் கேப் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பொட்டாசியம் சின்ன எண் என்பதால் பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் சாதாரணமாக 8 முதல் 12 வரை மிச்சம் வரும். அந்த மிச்சம், தாளில் அச்சாகாத எதிர்மின் அயனிகள்: ஆல்புமின் என்கிற புரதம், பாஸ்பேட், சல்பேட். ஒருவருக்கு இந்த இடைவெளி 20, 25 என்று விரிந்தால், ரத்தத்தில் வேறு ஏதோ ஓர் அமிலத்தின் மைனஸ் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோய் முற்றினால் வரும் கீட்டோன் அமிலங்களாக இருக்கலாம், லாக்டேட்டாக இருக்கலாம். அளக்காத ஒன்றை, அளந்தவற்றைக் கூட்டிக் கழித்தே கண்டுபிடிக்கிறார்கள்.

அம்மாவுக்கு 10. "இந்தக் கணக்கு சரியா இருக்கு, கவலப்படாதீங்க" என்றார்.

அந்த நாற்காலியில்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. 19 வருடமாக அயனிகளின் மின்சுமையை நான் மனப்பாடமாகத்தானே நடத்தியிருக்கிறேன். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஜூன் மாதமே சார்ட் ஒட்டிவிடுவேன். இடது பக்கம் நேர்மின் அயனிகள், வலது பக்கம் எதிர்மின் அயனிகள். கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் இரண்டு பிளஸ். அலுமினியம் மூன்று பிளஸ். நைட்ரேட், ஹைட்ராக்சைடு ஒரு மைனஸ். சல்பேட், கார்பனேட் இரண்டு மைனஸ். பாஸ்பேட் மூன்று மைனஸ். பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். அப்புறம் தேர்வில் அலுமினியம் சல்பேட்டின் மூலக்கூறு வாய்ப்பாட்டைக் கேட்டால் பாதிப் பேர் ஒரு அலுமினியம், ஒரு சல்பேட் என்று எழுதுவார்கள். ஆறு பிளஸ்ஸும் ஆறு மைனஸும் சமமாக வர இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட் வேண்டும். ஒப்பித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் ஒரு பாலம் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பாலத்தை நான் காட்டியதில்லை.

அம்மா வீடு திரும்பிய பிறகு, வகுப்புக்கு நான்கு ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவை அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். கரைத்தால் எந்த அயனி எத்தனை மில்லிமோல் என்றும் கணக்கு இருக்கிறது. சோடியம் 75, பொட்டாசியம் 20, குளோரைடு 65, சிட்ரேட் 10. பலகையில் இவற்றை மட்டும் எழுதினேன். சிட்ரேட்டின் மின்சுமையை எழுதவில்லை, அது எங்கள் சார்ட்டிலும் கிடையாது. "இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்க" என்றேன்.

பிளஸ் பக்கம் 95. மைனஸ் பக்கம் 65 உடன் 10, ஆக 75. இருபது எங்கே போனது?

குளுக்கோஸ் என்று ஒரு குரல். குளுக்கோஸுக்கு மின்சுமையே இல்லை என்று இன்னொரு பிள்ளையே மறுத்தது. சிறிது நேரம் சத்தமில்லை. கடைசி பெஞ்சில், பெரும்பாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் எழுந்தான். "மிஸ், சிட்ரேட் பத்துதான் இருக்கு. ஆனா அது ஒவ்வொண்ணும் மூணு மைனஸ் வச்சிருந்தா முப்பது வரும். அறுபத்தஞ்சும் முப்பதும் தொண்ணூத்தஞ்சு." சார்ட்டில் இல்லாத ஓர் அயனியின் மின்சுமையை அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். பெயரிலேயே ட்ரைசோடியம் என்று இருக்கிறதே, மூன்று சோடியத்தைப் பிடித்துவைக்க மூன்று மைனஸ் வேண்டும் அல்லவா என்று அப்புறம் காட்டினேன். வகுப்பே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து சார்ட்டை நான் கடைசியில்தான் ஒட்டுகிறேன்.

அடுத்த வகுப்பில் கடலுக்குப் போனோம். என் வகுப்பில் உப்பளத்து வேலைக்குப் போகிற அம்மா அப்பாவின் பிள்ளைகள் நிறைய. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. மில்லிமோல் கணக்கில் சோடியம் 469, குளோரைடு 546. உப்பு என்றால் சோடியமும் குளோரைடும் ஒன்றுக்கு ஒன்று. அப்படியிருக்க, கடலில் குளோரைடு ஏன் 77 கூடுதலாக இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒரு வாரம் அப்படியே விட்டேன். பதில் மெக்னீசியத்தில் இருக்கிறது. மெக்னீசியம் 53, ஒவ்வொன்றும் இரண்டு பிளஸ், ஆக 106. கால்சியம் 10, அதற்கு 20. பொட்டாசியம் 10. எல்லாம் சேர்த்து பிளஸ் பக்கம் 605. மைனஸ் பக்கம் குளோரைடு 546, சல்பேட் 28 என்றால் இரண்டு மைனஸ் வீதம் 56, ஆக 602. மிச்சம் 3, பைகார்பனேட், புரோமைடு என்று சில்லறையாக வரும். இரண்டு கரையும் சேர்ந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய கடலில் இந்தக் கணக்கு பிசகாமல் நிற்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை. ரத்தத்தில் தலைகீழ். அங்கே சோடியம் 140, குளோரைடு 100 அளவில்தான். குளோரைடு விட்ட இடத்தில் பைகார்பனேட்டும் புரதங்களும் உட்கார்ந்திருக்கின்றன.

உப்பளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவேன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டே போகும். மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். அது சூட்டின் டிகிரி இல்லை, உப்புத் தண்ணீரின் அடர்த்தி. கடல்நீர் 3, மூன்றரை டிகிரி. வெயிலில் வற்றி 13 டிகிரி வாக்கில் வந்ததும் பாத்தியின் அடியில் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். அது கால்சியம் சல்பேட். 25 டிகிரியில்தான் சாப்பாட்டு உப்பு விழும். 29, 30 டிகிரி தாண்டினால் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், அது கசக்கும். அந்தக் கசப்பு மெக்னீசியம்.

கால்சியம் ஏன் முதலில் போகிறது? இரண்டு பிளஸ்ஸும் இரண்டு மைனஸும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, தண்ணீர் சீக்கிரம் அவற்றைக் கைவிட்டுவிடுகிறது. ஒரு பிளஸ் ஒரு மைனஸ் உள்ள சோடியம் குளோரைடின் பிடி தளர்வானது, வெகுநேரம் தண்ணீரோடு போகிறது. இப்படித்தான் முதலில் விளக்கினேன். உடனே ஒரு பெண், "அப்ப மெக்னீசியம் சல்பேட்டும் ரெண்டுக்கு ரெண்டுதானே மிஸ்? அது ஏன் கடைசியில நிக்குது?" என்று மடக்கினாள். நல்ல கேள்வி. மின்சுமை மட்டும் போதாது, அளவும் பார்க்க வேண்டும். மெக்னீசியம் அயனி கால்சியத்தைவிடச் சின்னது. அதே இரண்டு பிளஸ் சின்ன உருவத்தில் அடங்கியிருப்பதால் தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தண்ணீரும் அதை விடாது, அதுவும் தண்ணீரை விடாது. மெக்னீசியம் சல்பேட் படிகமாகிற போதுகூட ஏழு தண்ணீரைக் கூடவே எடுத்துக்கொண்டுதான் வருகிறது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது, பல அணுக்கள் சேர்ந்த கூட்டு அயனிகளில். நைட்ரேட் ஒரு மைனஸ், கார்பனேட் இரண்டு மைனஸ். இரண்டிலும் மூன்று ஆக்சிஜன் இருக்க, ஏன் இந்த வித்தியாசம் என்று யோசிக்க அவர்களுக்கு வாய்ப்பே தருவதில்லை. ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் கழித்தல் இரண்டு. மூன்று ஆக்சிஜனுக்குக் கழித்தல் ஆறு. நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண், அதாவது கணக்குக்காக அணுவின் மேல் வைக்கும் மின்சுமை, ஐந்து; மிச்சம் ஒரு மைனஸ். கார்பனுக்கு நான்கு, மிச்சம் இரண்டு மைனஸ். சல்பேட்டில் நான்கு ஆக்சிஜனுக்குக் கழித்தல் எட்டு, கந்தகத்துக்கு ஆறு, மிச்சம் இரண்டு. பாஸ்பேட்டில் பாஸ்பரஸுக்கு ஐந்து, மிச்சம் மூன்று. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசுக்கு ஏழு, மிச்சம் ஒன்று. நைட்ரேட்டில் ஓர் ஆக்சிஜன் குறைந்து நைட்ரைட் ஆனால் மின்சுமையும் மாறும் என்று நினைக்கிறார்கள். மாறாது. நைட்ரஜன் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கிவிடுகிறது, ஆக்சிஜன் பக்கமும் ஆறிலிருந்து நான்குக்கு இறங்குகிறது, மிச்சம் அதே ஒரு மைனஸ். சல்பேட்டும் சல்பைட்டும் அப்படியேதான். இதை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அம்மோனியம் தனி. உலோகமே இல்லாமல் பிளஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அது ஒன்றுதான் எங்கள் சார்ட்டில். அம்மோனியா ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொண்டால் அந்த ஒரு பிளஸ்ஸும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கேள்வியை எல்லா வருடமும் யாராவது கேட்பார்கள். கேட்காத வருடம் நானே கேட்பேன். சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கிறது. குளோரின் வாயு நுரையீரலை அரித்துவிடும். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து உப்புத் தண்ணீரில் இருக்கிறது என்றால், குழம்பை எப்படிச் சாப்பிடுகிறோம்? இது அசட்டுக் கேள்வியே இல்லை. ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1884இல், உப்புகள் தண்ணீரில் கரையும்போதே மின்சுமை கொண்ட துகள்களாகப் பிரிகின்றன என்ற கருத்துக்கு வழிவகுத்த ஆய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். அதற்குக் கிடைத்தது சுமாரான தரம்தான். பெரிய பெரிய வேதியியலாளர்களே இதே சந்தேகத்தைத்தான் எழுப்பினார்கள். அயனி என்ற சொல்லை ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1834லேயே புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார், ஆனால் மின்சாரம் செலுத்தினால்தான் அயனிகள் உண்டாகும் என்று அவர் காலத்தில் நினைத்திருந்தார்கள். கடைசியில் 1903இல் அர்ரேனியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பதில் அந்த ஒரு பிளஸ்ஸில்தான் இருக்கிறது. சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். அயனியில் எலக்ட்ரான் 10. அந்த ஒன்று போனதும் அது வேறு பொருள். குளோரினுக்கு 17 எலக்ட்ரான், குளோரைடுக்கு 18. நாம் சாப்பிடுவது 10ம் 18ம்.

இரும்பிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்தில் வாளியின் ஓரம் செம்பழுப்பாகிவிடும். நிலத்தடியில் காற்றில்லாமல் இரண்டு பிளஸ்ஸாக, ஃபெர்ரஸாகக் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிஜன் பட்டதும் ஓர் எலக்ட்ரானை இழந்து மூன்று பிளஸ் ஃபெர்ரிக் ஆகி வீழ்படிவாகிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற நீல மாத்திரையில் இருப்பது இரண்டு பிளஸ் இரும்பு, குடல் சுலபமாக எடுத்துக்கொள்வது அதைத்தான். மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள் என்பேன். நெல்லிக்காய் கடியுங்கள் என்று சொல்கிறேனே, அதில் இருக்கும் வைட்டமின் சி மூன்று பிளஸ்ஸை இரண்டு பிளஸ்ஸாக மாற்றிக்கொடுக்கும் என்பதால்தான். மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ரத்தசோகையோடு வகுப்பில் தலையைக் கவிழ்த்துப் படுக்கிற பெண்களைப் பார்க்கிற எனக்கு அது தாங்குவதில்லை. அதனால் இந்தப் பாடத்தை மட்டும் நான் அவசரமாக முடிப்பதில்லை.

அம்மாவுக்கு மாத்திரையை மாற்றிவிட்டார்கள். தண்ணீருக்கும் அளவு வைத்திருக்கிறோம். இரண்டு வாரம் கழித்து எடுத்த தாளில் சோடியம் 136, குளோரைடு 101, பைகார்பனேட் 25. கூட்டிப் பார்த்தேன், இடைவெளி 10. வாசல் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். பிளஸ், மைனஸ் என்று சொல்லாமல் பாத்திக் கணக்காகவே சொன்னேன். தண்ணி அதிகமாகப் பாய்ந்தால் டிகிரி இறங்கும், உனக்கும் அப்படித்தான் இறங்கிவிட்டது என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

"அதான் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனாங்களா? சரிதான். அவசரப்பட்டு வாரக் கூடாது. கசப்புத் தண்ணிய நேரத்துக்கு வடிக்காம விட்ட பாத்தியில உப்பு எடுத்தா, மூட்டையில கெடந்து கசிஞ்சுகிட்டே இருக்கும். ஒரு வருசம் அப்பிடித்தான் எங்க அளத்துல மொத்த உப்பும் போச்சு."

மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு பிளஸ், சின்ன உருவம், தண்ணீரை விடாத பிடி. அம்மாவுக்கு அது நாக்கிலேயே தெரிந்திருக்கிறது. எந்த டிகிரியில் கசப்பு தட்ட ஆரம்பிக்கும் என்று கேட்டு, அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வேண்டும்.